‘எந்த எண்ணெய் நல்லது?’ என்று மட்டும் கேட்காதீர்கள்!

“டாக்டர், எங்க வீட்ல எண்ணெயே கிடையாது. தோசைக்குக்கூட சொட்டு எண்ணெய் விடறதில்ல. அப்புறம் எப்படி எனக்கு ஃபேட்டி லிவர் வந்துச்சு?”

முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும். ட்ரைகிளிசரைடு 286. வெறும் வயிற்றில் சர்க்கரை 118. ‘மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, மத்தியானம் ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பது கூடுதல் புகார்.

“காலையில என்ன சாப்பிடுவீங்கம்மா?”

“நாலு இட்லி. ஆவியில வெந்ததுதானே டாக்டர்!”

“அப்புறம்?”

“பதினோரு மணிக்கு டீ, ரெண்டு ரஸ்க். மத்தியானம் சாதம். குழம்பு, ரசம், மோருன்னு மூணு தடவை போட்டுக்குவேன். சாயந்திரம் டீ, பிஸ்கட். ராத்திரி எண்ணெய் போடாத சப்பாத்தி நாலு. ஒன்பதரை ஆயிடும்.”

“நடக்கறது உண்டா?”

சிரித்தார். “வீட்டுக்குள்ளேயே நடக்கறேனே டாக்டர்!”

எழுந்து போகும்போது கதவருகே நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். என் இருபத்தைந்து வருட வைத்தியத்தில் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். “சரி டாக்டர்... எந்த எண்ணெய்தான் நல்லது? செக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?”

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு நானும் பல வருடம் ஆர்வமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் தீர்மானமான கருத்து. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊர் வாங்கிய ‘ரேங்க்’!

2023-ம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு வெளிவந்தது. நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். சர்க்கரை நோய் இந்திய அளவில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. நம்ம புதுச்சேரியில் எவ்வளவு தெரியுமா? 26.3! கோவாவுக்கு (26.4) அடுத்தபடி இந்தியாவிலேயே இரண்டாவது இடம். பெரியவர்களில் நாலு பேரை நிற்க வைத்தால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை.

இதை ரிப்போர்ட்டில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கல்யாணப் பந்தியில் பாருங்கள். பாயசம் வேண்டாமென்று இலையை மறைக்கிற கைகள் எத்தனை!

சர்க்கரை நோய் என்றால் எல்லோருக்கும் சர்க்கரைதான் ஞாபகத்துக்கு வரும். கொழுப்பும் அதில் சரிபாதிப் பங்காளி. தசையிலும் ஈரலிலும் தேங்கிப் போன கொழுப்பு அமிலங்கள்தான் இன்சுலின் பேச்சை எடுபடாமல் செய்கிற முக்கியக் காரணங்களில் ஒன்று. அவை ஏன் தேங்குகின்றன? அதைப் புரிந்துகொள்ள செல்லுக்குள் இருக்கும் அடுப்பங்கரைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே எரியும் அடுப்பு

நம் உடம்பின் செல்களுக்குள், ரத்தத்தின் சிவப்பணு நீங்கலாக, மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில். ஓயாமல் உழைக்கும் இதயத் தசையில் ஆயிரக்கணக்கில். நாம் சாப்பிடும் சாப்பாடும் மூச்சில் இழுக்கும் பிராண வாயுவும் கடைசியில் சந்திக்கிற இடம் இதுதான். அங்கே எரிகிற எரிப்பில் உண்டாகும் சக்திக்கு ஒரு நாணயம் உண்டு. அதற்குப் பெயர் ஏ.டி.பி. கண் சிமிட்டுவதிலிருந்து மாடி ஏறுவது வரை எல்லாச் செலவுக்கும் இந்த நாணயம்தான். கையிருப்பு எந்த நேரமும் நூறு கிராமுக்குள்தான். ஆனால் செய்து, செலவழித்து, மறுபடி செய்து என்று ஒரு நாளில் புரள்வது ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு இருக்கும்!

இந்த ஏ.டி.பி.யை 1929-ல் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாகக் கண்டுபிடித்தார்; அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் நம் சுப்பாராவும். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். அமெரிக்கா போவதற்கு முன் அவர் பாடம் நடத்தியது எங்கே தெரியுமா? சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில்! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், உயிர்வேதியியல் பாடத்தை இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன்.

இந்த அடுப்புக்கு விறகு இரண்டு வகை. ஒன்று குளுகோஸ், இது சுள்ளி. சட்டென்று பற்றும், சட்டென்று தீரும். இன்னொன்று கொழுப்பு அமிலம், இது கட்டை. மெதுவாகப் பற்றும், நின்று எரியும். ஒரு குளுகோஸ் மூலக்கூறு முழுதாக எரிந்தால் 30 முதல் 32 ஏ.டி.பி. பாமாயிலிலும் நெய்யிலும் இருக்கும் பால்மிடிக் அமிலம் ஒன்று எரிந்தால் 106. (நாங்கள் படித்தபோது 38 என்றும் 129 என்றும் மனப்பாடம் செய்தோம். பிறகு கணக்கைத் திருத்திவிட்டார்கள்.) நம் இதயம் தன் சக்தியில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலத்தை எரித்துத்தான் சம்பாதிக்கிறது. ஆகவே கொழுப்பு நமக்கு எதிரி அல்ல. எரியாமல் கிடக்கும் கொழுப்புதான் எதிரி.

எரிகிற விதமும் அழகானது. கரும்பைக் கணுக் கணுவாக நறுக்குகிற மாதிரி, பால்மிடிக் அமிலத்தின் 16 கார்பன் சங்கிலியை இரண்டிரண்டாக ஏழு வெட்டு வெட்டி எட்டுத் துண்டாக்கி அடுப்பில் போடுகிறது மைட்டோகாண்ட்ரியா. இரண்டிரண்டாகத்தான் வெட்டுப்படுகிறது என்பதை 1904-லேயே ஜெர்மன் விஞ்ஞானி நூப் கண்டுபிடித்துவிட்டார்.

கதவைச் சாத்துவது யார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நீளமான கொழுப்பு அமிலம் நினைத்த மாத்திரத்தில் அடுப்புக்குள் போய்விட முடியாது. வாசலில் கதவு உண்டு. கார்னிடைன் என்ற பொருள் அதைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும்.

அந்தக் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும்? 1977-ல் அமெரிக்காவின் டல்லாஸில் மெக்கேரி, ஃபாஸ்டர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டார்கள். நாம் மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் ஏறுகிறது. தேவைக்கு மேல் வந்த சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்ற ஆரம்பிக்கிறது. அப்படி மாற்றும்போது முதலில் உண்டாகிற சரக்கு மலோனைல் கோ-ஏ. அந்தச் சரக்குதான் கொழுப்பு உள்ளே போகும் கதவுக்குத் தாழ்ப்பாள்!

உடம்பு செய்வது நியாயம்தானே? ஒரு பக்கம் கொழுப்பைச் செய்துகொண்டே இன்னொரு பக்கம் அதை எரித்தால் வீண் வேலை இல்லையா? ‘இப்போது சேமிக்கிற நேரம், எரிக்கிற வேலை அப்புறம்’ என்று கதவைச் சாத்துகிறது.

இப்போது முத்தியால்பேட்டை அம்மாவின் ஒரு நாளைத் திரும்பிப் பாருங்கள். இட்லி, டீ-ரஸ்க், மூன்று தடவை சாதம், டீ-பிஸ்கட், ராத்திரி ஒன்பதரைக்குச் சப்பாத்தி. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாவுச்சத்து. அடுப்பின் கதவு எப்போது திறக்கும்?

அது மட்டுமில்லை. மிஞ்சிய சாதத்திலிருந்தும் பிஸ்கட்டின் சர்க்கரையிலிருந்தும் ஈரல் செய்கிற கொழுப்பு எது தெரியுமா? பெரும்பாலும் பால்மிடிக் அமிலம்தான். பாமாயிலில் எது இருக்கிறதென்று பயந்து அந்த அம்மா ஒதுக்கினாரோ, அதே சரக்கு! கடையில் வாங்கவில்லை, ஈரலே உட்கார்ந்து தயாரிக்கிறது. ரத்தத்தில் அது ட்ரைகிளிசரைடு 286 ஆகத் தெரிகிறது. ஈரலில் தங்கினால் ஃபேட்டி லிவர்.

“எண்ணெயே சேர்க்கலையே டாக்டர்?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா?

நான் செய்த தப்பு

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். நல்ல பென்ஷன், நல்ல சாப்பாடு, சாய்வு நாற்காலி. ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். என்னிடம் வந்து, “தம்பி, நீ என்ன சொல்றே?” என்றார்.

நான் என்ன சொன்னேன்? “மொதல்ல பாக்கெட் எண்ணெயைத் தூக்கிப் போடுங்கண்ணே. செக்குல ஆட்டின நல்லெண்ணெய்க்கு மாறுங்க. பாதி சரியாயிடும்.”

மாறினார். சந்தோஷமாக மாறினார். ‘தம்பி டாக்டரே சொல்லியாச்சு’ என்று மாத்திரையை நிறுத்தினார். அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. சாதத்தின் அளவு குறையவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவுமில்லை. நல்ல எண்ணெய்தானே என்று முறுக்கும் அதிரசமும் முன்னைவிடக் கூடுதலாகப் போயின. மூன்று வருடம் கழித்து, கால் விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. விறகுக் கடையை மாற்றச் சொன்னேனே தவிர, அடுப்பில் ஏற்கெனவே விறகு மலைபோல் குவிந்து கிடக்கிறதா என்று பார்க்கவில்லை. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வைத்திய உலகத்தைச் சேர்ந்த சிலர் இன்றும் அதே தப்பைச் செய்கிறார்கள். செல்போனைத் திறந்தால் ‘தினம் ஒரு ஸ்பூன் இந்த எண்ணெய், சர்க்கரை ஓடிப் போகும்’ என்கிறார்கள். இன்னொரு பக்கம் ‘எண்ணெயே விஷம்’ என்கிறார்கள். இருவருமே உங்களைச் சமையலறை அலமாரி முன்னால் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வாசற்கதவைத் திறந்து வெளியே நடக்கச் சொல்வதில்லை.

அடுப்பில் குறையா?

‘நமக்குப் பரம்பரையிலேயே இந்த மைட்டோகாண்ட்ரியா வீக்கா இருக்குமோ?’ என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 2004-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பிள்ளைகளுக்குச் சர்க்கரை வரவில்லை; ஆனால் இன்சுலின் சரியாக எடுபடவில்லை. அவர்கள் தசையில் அடுப்பின் வேகம் சுமார் 30 சதவீதம் குறைவு. தசைக்குள் கொழுப்பு 80 சதவீதம் அதிகம். அடுப்புதான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள்.

ஆனால் 2008-ல் மேயோ கிளினிக்கில் கே.ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் இந்தியர்களையே நேரடியாகப் பரிசோதித்தார்கள். சர்க்கரை உள்ள இந்தியர்கள் 13 பேர், இல்லாத இந்தியர்கள் 13 பேர், வட ஐரோப்பிய வம்சத்து அமெரிக்கர்கள் 13 பேர். தொடைத் தசையில் துளி எடுத்துப் பார்த்தால் ஆச்சரியம்! இந்தியர்களின் மைட்டோகாண்ட்ரியா, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெள்ளைக்காரர்களுடையதைவிட அதிகமாகவே ஏ.டி.பி. செய்யும் திறமை உள்ளவை. ஆனாலும் இன்சுலின் எடுபடுவதில் இந்தியர்கள் ரொம்பப் பின்தங்கி இருந்தார்கள்.

மொத்தம் 39 பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எனக்கு அது பெரிய நம்பிக்கை தந்தது. நம் அடுப்பு பழுதில்லை. வேலைதான் கொடுக்கவில்லை!

அடுப்பு தானாக எரியாது. ஏ.டி.பி. செலவானால்தான் புதிதாகச் செய்யும். செலவு குறைவாக இருந்தால், கொழுப்பை எவ்வளவு தள்ளினாலும் அது தேங்கித்தான் நிற்கும். அரைகுறையாகத் தேங்கிய சரக்குகள் இன்சுலின் சொல்லும் சேதியை வழிமறிக்கின்றன. வெளியே ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உள்ளே செல் சோர்ந்து கிடக்கிறது. ‘சாப்பாடு நல்லாத்தான் சாப்பிடறேன், உடம்புல தெம்பே இல்ல’ என்று சொல்வது இதைத்தான்.

சரி, எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்

விடமாட்டீர்களே! எண்ணெயில் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு.

நம்ம புதுவைக்கு எண்ணெய் வித்து ரொம்ப நாள் சொந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மணிலாக்கொட்டை நம் துறைமுகம் வழியாகத்தான் பிரான்சின் மார்செய் நகரத்துக்குக் கப்பலேறியது. அந்த மணிலா எண்ணெயில் ஒலிக் அமிலம் அதிகம். நல்லெண்ணெயில் ஒலிக்கும் லினோலிக்கும் ஏறக்குறைய சரிசமம். தசைச் செல்களை வைத்துச் செய்த சோதனைகளில், பால்மிடிக் மிஞ்சினால் இன்சுலின் எடுபடுவதில்லை. கூட ஒலிக் இருந்தால் அந்தக் கெடுதல் குறைகிறது. லினோலிக் அமிலத்தை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரில் இருக்கும் கார்டியோலிபின் என்ற கொழுப்புக்கு, முக்கியமாக இதயத்தில், அது வேண்டும். ஆகவே ‘ஜீரோ ஆயில்’ பெருமை தேவையில்லை.

தேங்காய் எண்ணெய்? அதில் எட்டு, பத்து கார்பன் கொண்ட குட்டைக் கொழுப்புகள் கொஞ்சம் உண்டு. அவை கார்னிடைன் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விடும் என்பது உண்மை. ‘உடனடி எனர்ஜி’ விளம்பரங்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் அவை மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பாதியளவு இருப்பது லாரிக் அமிலம்; அது பெரும்பாலும் நீளக் கொழுப்புகள் போகும் வழியிலேயே போகிறது. அவியலுக்கு ஊற்றுங்கள், வாசனையாக இருக்கும். மருந்தாக டம்ளரில் குடிக்க வேண்டாம்.

உண்மையிலேயே ஒதுக்க வேண்டியது டிரான்ஸ் கொழுப்பு. அடுப்பின் கத்திக்கு அது சரியாக வெட்டுப்படாது. எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் 2004-ல் செய்த சோதனையில் அது பாதி வெட்டோடு சிக்கி நின்றதைக் கண்டார்கள். இதயத்துக்குக் கெடுதல் என்பது மனிதர்களிடம் ஏற்கெனவே தெரிந்ததுதான். எண்ணெய், வனஸ்பதி வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 முதல் அளவு உண்டு. ஆனால் தெருமுனை பஜ்ஜிச் சட்டியைப் பார்க்கும் கண் உங்களுடையதுதான். எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுவென்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

அளவு? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம். நெய்யும் அதற்குள்தான். வீட்டில் தலைக்கு மாதம் ஒரு லிட்டருக்குள் முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று எண்ணெயை மாற்றி மாற்றி வாங்குங்கள். எண்ணெய் விஷயம் இத்துடன் முடிந்தது.

கதவைத் திறப்பது எப்படி?

இதற்கு ஆதாரம் நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மாவுச்சத்தையும் கொழுப்பையும் அளவாக்கி, தினமும் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடக்கச் சொன்னவர்களில் 39.3 சதவீதம். நூறு பேரில் பதினைந்து பதினாறு பேர் தப்பித்தார்கள்! அந்த ஆராய்ச்சியில் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான்.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? தசையில் தாழ்ப்பாள் விலகுகிறது, ஏ.டி.பி. செலவாகிறது, கொழுப்பு உள்ளே போகிறது. தொடர்ந்து செய்தால் அடுப்புகளே பெருகும். 1967-ல் ஜான் ஹாலோசி எலிகளை ஓடவிட்டுப் பார்த்தார். சில மாதங்களில் தசை மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. எந்த எண்ணெய் டின்னிலும் இந்த விளம்பரம் போட முடியாது!

ஆகவே என் சீட்டு இதுதான்.

ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். காலை எட்டு மணி வரை வேறெதுவும் வேண்டாம். இந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் கதவு தாராளமாகத் திறந்திருக்கும் நேரம். (இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது.)

தட்டில் சாதத்தைப் பாதியாக்குங்கள். குறைந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்கறி வரட்டும். நடுவில் வரும் ரஸ்க், பிஸ்கட்டை நிறுத்துங்கள். ‘சிறுதானியம்தானே’ என்று மூன்று தட்டு சாப்பிடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

தினமும் அரைமணி நேரம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். கொழுப்பு நன்றாக எரிவது அந்த வேகத்தில்தான். நம்ம ஊர்க் கடற்கரைச் சாலையில் சாயந்திரம் ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. இந்தியாவில் எத்தனை ஊருக்கு இந்தப் பாக்கியம் உண்டு? அங்கே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுந்து வருகிறோம்!

‘கொழுப்பைக் கரைக்கும்’ பொடிகள், கார்னிடைன் மாத்திரைகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஆரோக்கியமானவர்களுக்கு வேண்டிய கார்னிடைனை உடம்பே செய்துகொள்கிறது.

கடைசியாக, என் அண்ணனுக்கு நான் சொல்லத் தவறியது. நடக்கிறேன், எண்ணெயை மாற்றினேன், சித்த மருந்து சாப்பிடுகிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதும் நிறுத்துவதும் பரிசோதனை பார்த்து, மாத்திரை எழுதிய டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

ஊனும் கொழுப்பும்

சித்தர்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் சொன்னார்களா என்று கேட்டால், இல்லை. சொன்னார்கள் என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். ஆனால் சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு என்பார்கள். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு என்று வரிசை போகும். கொழுப்புக்கு முன்னால் ஊன், அதாவது தசை. நோயாளிகளுக்கு நான் இந்த வரிசையை வேறு விதமாகச் சொல்லிக் காட்டுகிறேன். முதலில் ஊனுக்கு வேலை கொடு. கொழுப்பின் கணக்கு பிறகு தானாகச் சரியாகும்.

முத்தியால்பேட்டை அம்மா நாலு மாதம் கழித்து வந்தார். ட்ரைகிளிசரைடு 174. சர்க்கரை 106. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. நான் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: “அதை விடுங்க டாக்டர். நேத்து தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு மாடிக்குப் போனேன். மேலே போன பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, நடுவுல நிக்கவே இல்லியேன்னு!”

போகும்போது வழக்கம்போல் கதவருகே நின்றார். எண்ணெயைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

“டாக்டர், காந்தி சிலைகிட்டேயிருந்து போயிட்டுத் திரும்பி வந்தா எவ்வளவு தூரம் ஆகும்?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்!